முதுகுவலியோடு சென்னை சுற்றிப் பார்க்க: ஒரு நாள், இரண்டு பேர், முழு வழிகாட்டி

எனக்குக் கீழ்முதுகில் எல்4–எல்5 எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி ஏழு வருடம் ஆகிறது. நல்ல நாளில் ஒரு மணி நேரம் கடைத்தெருவில் சுற்றுவேன். மோசமான நாளில் நாலு தோசை வார்ப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். திருச்சியில் இருக்கிற எனக்குச் சென்னை தூரமில்லை. ஆனாலும் கல்யாணம், காரியம், ஆஸ்பத்திரி என்று ஏதாவது வேலையாகத்தான் போவேன். ஊர் பார்க்க என்று ஒரே ஒரு முறை போனேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஆறு இடம் பார்ப்பதாகத் திட்டம். நாலாவது இடத்தில் ஆட்டோவை விட்டு இறங்க முடியவில்லை. ஒரு கால் தரையில் இருக்கிறது, இன்னொரு காலை வெளியே எடுக்க முடியாமல் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அடுத்த இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை.

போன தை மாதம் அக்காவோடு மறுபடி போனேன். மூன்று இடம் பார்த்தோம், கடைசியாகக் கடற்கரையில் உட்கார்ந்தோம். வலி வந்தது, ஆனால் நாளைக் கெடுக்கவில்லை. இந்த இரண்டு பயணத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதைத்தான் எழுதுகிறேன். "இந்த இடுப்பை வச்சுக்கிட்டு எங்கே போறது" என்று வீட்டோடு இருந்துவிட்டவர்கள் இதைப் படித்து ஒரு நாளாவது கிளம்ப வேண்டும் என்பது என் ஆசை.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்க வேண்டிய இடங்களை எழுதிவிட்டு, நடுவில் எங்கே உட்காரலாம் என்று யோசிக்காதீர்கள். உட்காரும் இடங்களையும் படுக்கும் இடத்தையும் முதலில் எழுதுங்கள். அவற்றைச் சுற்றி என்ன பார்க்கலாம் என்று அப்புறம் பாருங்கள்.

உங்கள் முதுகு எந்த ரகம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் திட்டம் போட முடியாது. எல்லா முதுகுவலியும் ஒன்றில்லை. சிலருக்கு உட்கார்ந்தால், குனிந்தால் வலி ஏறும். எழுந்து மெதுவாக நடந்தால் இறங்கும். டிஸ்க் பிதுங்கியவர்கள் பலருக்கு இப்படித்தான், எனக்கும் இப்படித்தான். வேறு சிலருக்கு நேர் எதிர். நிற்கவும் நடக்கவும் முடியாது, கால் கனத்து இழுக்கும். உட்கார்ந்தாலோ எதன் மீதாவது முன்னால் சாய்ந்தாலோ ஐந்து நிமிடத்தில் சரியாகும். வயதாக ஆக முதுகுத்தண்டின் உள்வழி குறுகுவதால் வருவது இது. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் மட்டும் நன்றாக நடப்பவர்கள் இந்த ரகமாக இருக்கலாம்.

முதல் ரகத்துக்கு நீண்ட கார் பயணமும் ரயில் இருக்கையும்தான் எதிரி. இரண்டாவது ரகத்துக்குக் கோயில் பிரகாரமும் அருங்காட்சியகக் கூடமும் எதிரி. நீங்கள் எந்தப் பக்கம் என்று கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் நின்றால் வலி தொடங்குகிறது, எத்தனை நிமிடம் உட்கார்ந்தால் தொடங்குகிறது என்று குறித்து வையுங்கள். எனக்கு நிற்பது இருபத்தைந்து நிமிடம், உட்காருவது நாற்பது நிமிடம். ஆகவே பயண நாளில் இருபது நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவேன், முப்பது நிமிடத்தில் எழுந்துவிடுவேன். வலி வந்தபின் உட்காருவதற்கும், வருவதற்கு முன்னால் உட்காருவதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. ஒருமுறை பிடித்துக்கொண்டால் அது தளர அரை நாள் ஆகும்.

மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வலி மாத்திரை எது, எத்தனை, சாப்பிட்ட பிறகா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருப்பவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் ஆகாது. தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் சில தூக்கத்தைக் கொடுக்கும். அதைப் போட்டுக்கொண்டு படி இறங்குவது ஆபத்து. கூட வருபவர் அன்போடு எடுத்து நீட்டும் அவருடைய மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடையின் உட்பக்கமும் உட்காரும் இடமும் மரத்துப்போவது, கால் பலமிழந்து மடங்குவது, கீழே விழுந்தபின் வரும் கடும் வலி, காய்ச்சலோடு சேர்ந்த முதுகுவலி: இவற்றில் எது வந்தாலும் சுற்றுலா முடிந்தது என்று வையுங்கள். உடனே ஆஸ்பத்திரி. வழியில் என்றால் 108.

எந்த நாள், எந்த மாதம்

மாதம் எளிது. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. அக்டோபர், நவம்பரில் மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் கால் வழுக்கினால், விழாவிட்டாலும் அந்த ஒரு உதறல் போதும். சித்திரை வைகாசி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கிழமைதான் யோசித்துப் பார்க்க வேண்டியது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்காது. மயிலாப்பூர் கோயிலில் பிரதோஷத்தன்று சாயங்காலம் நிற்க இடம் இருக்காது. பங்குனிப் பெருவிழாவின் பத்து நாளும், முக்கியமாக எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவமும், கண்கொள்ளாக் காட்சி; ஆனால் கூட்டத்தில் நம் வேகத்தில் நடக்க முடியாது, யாராவது இடித்தால் திரும்பக்கூட முடியாது. மெரினாவில் ஞாயிறு மாலை நெரிசல், காணும் பொங்கலன்று தலைகள் மட்டும்தான் தெரியும். இதையெல்லாம் கழித்தால் பிரதோஷம் இல்லாத ஒரு செவ்வாய், புதன் அல்லது வியாழன் கிடைக்கும். நாங்கள் போனது ஒரு புதன்கிழமை.

முந்தைய நாளே போய்விடுங்கள்

இரவு ரயிலில் வந்து விடியற்காலை எழும்பூரில் இறங்கி, குளித்துவிட்டு நேரே ஊர் சுற்றக் கிளம்புவது நம் ஊர்ப் பழக்கம். முதுகுவலி இருப்பவர் அதைச் செய்யக் கூடாது. ரயிலில் தூங்கிய முதுகு தூங்கிய முதுகு இல்லை. முந்தைய நாளே வந்து, ஒரு இரவு நல்ல கட்டிலில் படுத்து எழுந்த பிறகு சுற்றுங்கள். டிக்கெட் போடும்போது கீழ்ப் படுக்கை கேளுங்கள். பகல் ரயிலில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தே வருவதைவிட, உட்கார்ந்தால் வலிக்கும் ரகத்துக்குப் படுக்கை வசதியுள்ள பெட்டி எவ்வளவோ மேல்.

தங்குமிடத்தை எழும்பூரிலேயே எடுத்தோம். மதியம் அறைக்குத் திரும்பிப் படுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேட்டோம்: லிஃப்ட் உண்டா, மேற்கத்திய கழிப்பறை உண்டா, மெத்தை அமுங்கிப் போகாததா. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒரு ரூம்ல இருக்கு, பரவாயில்லையா?" என்றார். அதைத்தான் எடுத்தோம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

குறைவாக. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம். ஒரு தோளில் தொங்கினால் அது முதுகை ஒரு பக்கம் இழுக்கும். இரு தோளிலும் மாட்டும் சின்னப் பை, அரை லிட்டர் புட்டி, தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம்.

ஒரு ஈரிழைத் துண்டு. இதை நான் விடவே மாட்டேன். நீளவாக்கில் இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போடுங்கள். மணிக்கட்டு கனத்துக்கு வர வேண்டும். நாற்காலி, கார் இருக்கை, சர்ச் பெஞ்ச், எங்கே உட்கார்ந்தாலும் இடுப்பு உள்வாங்கும் அந்த வளைவில் இதை வைத்துச் சாய்ந்தால் முதுகு கூன் போடாது. கடையில் விற்கும் மெத்தைகளை வாங்கிப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்தத் துண்டு போதும், வியர்த்தால் முகமும் துடைக்கலாம்.

ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் பை. எதற்கு என்று கீழே சொல்கிறேன். இடுப்பு பெல்ட் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்காதீர்கள். நிற்கும் நேரத்துக்கு மட்டும் போதும். வெந்நீர்ப் பை அறையில் இருக்கட்டும்.

காலணியைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் உள்ள நாளில் கயிறு கட்டும் ஷூ வேண்டாம். குனியாமல் கழற்றி மாட்ட வேண்டும், அதே சமயம் நடக்கும்போது கழன்று போகக் கூடாது. குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டையுள்ள, அடி தடித்த செருப்பு சரியாக இருக்கும். புதுச் செருப்பை அன்றைக்குப் போடாதீர்கள். பெண்கள் புடவை கட்டினால் உள்பாவாடை நாடா அந்த வலிக்கிற இடத்திலேயே இறுக்கும், சாயங்காலம் அது தெரியும். நான் சுடிதாரோடு போனேன்.

கூட வருபவரிடம் பேச வேண்டியது

அக்காவுக்கு என்னைவிட ஆறு வயது அதிகம். திருச்சி மலைக்கோட்டை உச்சிக்கு மூச்சு வாங்காமல் ஏறி இறங்குவாள். அவளுக்கு என் வேகம் தெரியாது. அது அவள் தப்பில்லை. முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து சில விஷயங்களைப் பேசிவிட்டோம்.

அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை "வலிக்குதா, வலிக்குதா?" என்று கேட்கக் கூடாது என்றேன். கேட்கக் கேட்க வலியைத்தான் நினைக்கத் தோன்றும். அதற்குப் பதிலாக நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். "அக்கா, தண்ணி குடிக்கலாமா?" என்றால் உட்கார வேண்டும் என்று அர்த்தம். "அக்கா, ரூமுக்குப் போலாம்" என்றால் மறுபேச்சில்லாமல் போக வேண்டும். "இன்னும் ஒரே ஒரு இடம்" என்ற பேச்சே கிடையாது.

அடுத்தது அவளுடைய ஆசை. இதை நாம் மறந்துவிடுகிறோம். கூட வருபவர் நர்ஸ் இல்லை, அவருக்கும் இது ஊர் பார்க்கும் நாள்தான். "உனக்கு என்ன பாக்கணும்?" என்று கேட்டேன். மயிலாப்பூர் மாட வீதியில் நிதானமாகப் பாத்திரக்கடை பார்க்க வேண்டுமாம், அதுவும் யாரும் அவசரப்படுத்தாமல். அதற்கு முக்கால் மணி நேரம் தனியாக ஒதுக்கினோம். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு உட்காரும் நேரம். இருவர் போகும்போது எல்லா நிமிடமும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அது தெரிந்துவிட்டால், நம்மால் அவர் எதையோ இழக்கிறார் என்ற சங்கடம் போய்விடும். முதுகுவலிக்காரர்களை வீட்டோடு கட்டிப்போடுவது பாதி அந்தச் சங்கடம்தான்.

காலை: எழும்பூர் அருங்காட்சியகம்

காலையில் எழுந்ததும் முதுகு விறைப்பாக இருக்கும். கிளம்பும் அவசரத்தில் குனிந்து பெட்டியைத் தூக்குவது, குளியலறையில் குனிந்து துணி அலசுவது எல்லாம் வேண்டாம். வெந்நீரில் குளித்து, அறைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து, டிபன் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினால் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள். பாந்தியன் சாலையில், எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பக்கம்தான்.

1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இது. 16 ஏக்கருக்கு மேல் பரப்பு, 6 கட்டடம், 46 காட்சிக்கூடம். இந்தக் கணக்கைச் சொல்வது பயமுறுத்த இல்லை. எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள் என்பதற்காக. நாங்கள் வெண்கலச் சிற்பக்கூடம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தோம். தெம்பு இருந்தால் அமராவதிச் சிற்பங்கள், இல்லையென்றால் இல்லை.

அருங்காட்சியகத்தில் நடப்பது வேறு நடை. இரண்டடி நடந்து, நின்று, மறுபடி இரண்டடி. தெருவில் அரை மணி நேரம் சீராக நடப்பதைவிட இது முதுகுக்குக் கஷ்டம். ஆகவே எல்லாப் படிமத்தின் முன்னாலும் நிற்காதீர்கள். முதலில் கூடத்தை ஒருமுறை நிற்காமல் நடந்து வாருங்கள். உங்களை இழுக்கிற நாலைந்தை மனதில் வைத்துக்கொண்டு, திரும்ப வந்து அவற்றின் முன்னால் மட்டும் நில்லுங்கள். முழங்காலைப் பூட்டி விறைப்பாக நிற்க வேண்டாம். கொஞ்சம் தளர்த்தி, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். பெயர்ப்பலகை கீழே இருந்தால் குனிந்து படிக்காதீர்கள். அக்கா படித்தாள், நான் கேட்டேன். இருவர் போவதில் இது ஒரு சௌகரியம். அவள் எழுத்துக் கூட்டிப் படித்த ஊர்ப் பெயர்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன.

திருவாலங்காட்டு நடராசர் இங்கேதான் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் புகைப்படத்தில் பார்த்தே மயங்கிய நடராசர். ஆனால் நான் அதிக நேரம் நின்றது திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன்னால். சோழர் காலம். வலப்பக்கம் சிவன், இரண்டு கை. இடப்பக்கம் உமை, ஒரே கை. சிவன் பாதி உடம்பு இறுக்கமாக இருக்கிறது. உமை பாதிக்கு வரும்போது இடுப்பு அப்படியே வெளியே வளைந்து, எடை முழுவதும் ஒரு காலில் இறங்கி, மறு கால் லேசாக முன்னால் தளர்ந்திருக்கிறது. நடுவில் கோடு கிழித்தது போல இல்லை, ஒன்று இன்னொன்றாக மாறுவது எங்கே என்று தெரியவில்லை. இடுப்பையே நினைத்துக்கொண்டு ஏழு வருடம் வாழ்ந்தவள் நான். ஒரு மனிதர் மெழுகில் அந்த வளைவைப் பிடித்து, மண் பூசி, உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆயிரம் வருடத்துக்கு நிற்க வைத்திருக்கிறார். அக்கா பின்னாலிருந்து, "பின்பக்கமும் பாருடி, முதுகு எவ்வளவு அழகு" என்றாள். உண்மைதான்.

நாற்பது நிமிடத்தில் இரண்டு முறை உட்கார்ந்தோம். பெஞ்ச் கண்ணில் பட்டால் உடனே உட்காருங்கள், அடுத்தது எங்கே வரும் என்று சொல்ல முடியாது. மடக்கு முக்காலி வைத்திருப்பவர்கள் வாசலில் இருப்பவரிடம் காரணம் சொல்லி அனுமதி கேளுங்கள். படி ஏற வேண்டி வந்தால் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுங்கள். வெளியே வந்தால் மர நிழல் இருக்கிறது. 1909-ல் திறந்த சிவப்புக் கட்டடமான தேசியக் கலைக்கூடத்தை உள்ளே போகாமல் வெளியிலிருந்து பார்ப்பதே கண்ணுக்கு நிறைவு. பதினொன்றரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம்.

மதியம்: படுப்பதற்கான நேரம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நாள் நல்லபடி முடிந்ததற்கு இந்த மூன்று மணி நேரம்தான் காரணம்.

சாப்பிடும் இடத்தில் தாழ்ந்த சோபாவும் முதுகில்லாத பெஞ்சும் தவிர்க்க வேண்டியவை. நேரான நாற்காலி கேட்டு, துண்டுச் சுருளை வைத்து உட்காருங்கள். முழுச் சாப்பாடு ஆனாலும் அளவாக. வயிறு ததும்ப இருந்தால் படுக்கவும் முடியாது.

அறைக்கு வந்ததும் மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்காலையும் ஒரு நாற்காலியின் மேல் தூக்கி வையுங்கள். இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். தரையில் போர்வை விரித்துச் செய்தால் இன்னும் நல்லது. இருபது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது, அப்புறம் கீழ்முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் பதிவது தெரியும். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுந்திருங்கள். அதன்பிறகு ஒரு மணி நேரம் தூங்கினாலும் சரி, பேசிக்கொண்டிருந்தாலும் சரி. மூன்று மணிக்குள் கிளம்பினால் போதும். கபாலீசுவரர் கோயில் மதியம் நடை சாத்தி நாலு மணி வாக்கில்தான் திறக்கும், வெயிலும் அதற்குள் இறங்கிவிடும்.

வண்டி விஷயம்

ஆட்டோவில் பயணிகள் இருக்கை பின்சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால் ஒவ்வொரு குழியும் நேரே முதுகுக்கு வரும். பேருந்திலும் கடைசி வரிசை அதனால்தான் மோசம், முன் பின் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள இருக்கைதான் தேவலை. 2024 முதல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன; படி ஏறும் சிரமம் அதில் இல்லை. மெட்ரோவில் லிஃப்ட் உண்டு, குலுக்கலும் இல்லை. வாய்ப்புள்ள இடத்துக்கெல்லாம் அதில் போங்கள். தெருவிலிருந்து இறங்கும் லிஃப்ட் எந்த வாசலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நடந்தால் வீண் அலைச்சல் மிச்சம். பறக்கும் ரயில் மயிலாப்பூருக்கும் கடற்கரைக்கும் போகும், ஆனால் நிலையங்கள் உயரம். எழும்பூரிலிருந்து சாந்தோமுக்கு நாங்கள் வாடகைக் கார்தான் எடுத்தோம். மெட்ரோ வேலைகளுக்காக அந்தப் பக்கம் வழி மாற்றிவிடுவது உண்டு, அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முன் இருக்கையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிளாஸ்டிக் பை இதற்குத்தான்: அதை இருக்கையில் விரித்து, கதவுக்கு முதுகு காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். பை வழுக்குவதால் இடுப்பை முறுக்காமல் உடம்பு மொத்தமாகத் திரும்பும். வண்டி கிளம்பும் முன் பையை உருவிவிடுங்கள். இறங்கும்போது இதையே தலைகீழாக. ஓட்டுநரிடம் ஏறியவுடனே, "அண்ணே, எனக்கு முதுகு வலி, ஸ்பீட் பிரேக்கர்ல மட்டும் கொஞ்சம் மெதுவா" என்று சொல்லிவிடுங்கள். நடுவில் குலுங்கிய பிறகு சொன்னால் குறை சொல்வதாகப் படும். முதலிலேயே சொன்னால் பெரும்பாலும் பார்த்து ஓட்டுவார்கள். எங்களுக்கு வந்தவர் ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால், "அக்கா, பிடிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சாந்தோம், பிறகு மயிலாப்பூர்

சாந்தோம் தேவாலயத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் பெஞ்சுகள். சாய்மானம் உள்ள நேரான மர பெஞ்சுகள், மேலே உயர்ந்த கூரை, உள்ளே அமைதி. இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை மீது எழுந்ததாகச் சொல்லும் ஆலயம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கட்டிய கோயில் இருந்த இடத்தில், இப்போதுள்ள வெள்ளைக் கட்டடம் 1896-ல் வந்தது. பூசை நடக்காத நேரமாகப் பார்த்துப் போய், பின்வரிசையில் உட்காருங்கள். கல்லறைச் சிற்றாலயத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அக்கா மட்டும் போய்விட்டு வந்து எனக்குச் சொன்னாள். நான் வண்ணக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து கபாலீசுவரர் கோயில் பக்கம்தான், ஆனாலும் வண்டியிலேயே போனோம். நடையைக் கோயிலுக்காக மிச்சம் பிடிக்க வேண்டும். கடலோரம் இருந்த பழைய கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் போய், பின்னால் எழுந்த கோயில் இது என்பார்கள். கீழைக் கோபுரம் 1906-ல் கட்டியது, ஏறத்தாழ 120 அடி. அதைக் கழுத்தை அண்ணாந்து பார்க்காதீர்கள். தெருவில் கொஞ்சம் தள்ளி நின்றால் முழுக் கோபுரமும் கண் மட்டத்துக்கு வரும்.

வெறுங்காலில் கருங்கல் தரையில் நடப்பது முதுகுக்குத் தெரியும். ஆகவே ஒரே சுற்று. வாசற்படியைத் தாண்டும்போது கல்லையோ கூட வருபவர் தோளையோ பிடித்துக்கொள்ளுங்கள். விழுந்து கும்பிட வேண்டாம், கைகூப்பினால் போதும். அக்காவுக்கு இதில் முதலில் மனசு ஒப்பவில்லை. அப்புறம் எனக்கும் சேர்த்து அவளே நமஸ்காரம் செய்தாள். அம்பாள் மயில் உருவில் பூசித்ததாகச் சொல்லும் புன்னை மரத்தடிக்குப் போய்விட்டு, அருகில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாதவர்கள் மேடை போல உயர்ந்த திண்ணையாகப் பார்த்து உட்காருங்கள்.

அக்கா மாட வீதிக்குக் கிளம்பினாள். முக்கால் மணி நேரத்தில் நான் இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். புறா, மணிச்சத்தம், விபூதி வாசனை, ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள். எனக்கு எந்த வேலையும் இல்லை. ஊர் பார்க்க வந்தது இதற்குத்தான் என்று தோன்றியது. அவள் ஒரு பித்தளை டவரா செட்டோடு திரும்பி வந்தாள். அதை நான் தூக்கக் கூடாது என்று அவளே பையில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

மெரினா

மணலில் நடக்காதீர்கள். கால் புதையப் புதைய இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், அலை வரை போய்த் திரும்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை ஒன்று மணலின் மேல் கடலை நோக்கிப் போகிறது, 263 மீட்டர். மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் போட்டது. சக்கர நாற்காலிகள் வரும்போது ஒதுங்கி வழிவிட்டு, மெதுவாகப் போகலாம். நடக்கத் தெம்பில்லையென்றால் உட்சாலை ஓரத்திலேயே உட்காரலாம், காற்று அங்கேயும் அதே காற்றுதான்.

எங்களுக்குக் கிடைத்தது சாய்மானம் இல்லாத ஒரு திட்டு. பத்து நிமிடத்தில் இடுப்பு முணுமுணுக்க ஆரம்பித்தது. "அக்கா, தண்ணி குடிக்கலாமா?" என்று சொல்ல வழியில்லை, உட்கார்ந்துதான் இருந்தோம். அவளே புரிந்துகொண்டாள். எழுந்து வந்து, எனக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து, தன் முதுகை என் முதுகோடு ஒட்டினாள். "சாஞ்சுக்க" என்றாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகின் சூடு என் முதுகில் ஏறியது. சுண்டல் பொட்டலத்தை இருவரும் தோளுக்கு மேலே கை நீட்டி மாற்றி மாற்றி எடுத்துத் தின்றோம். சூரியன் ஊருக்குப் பின்னால், அவள் பக்கம்தான் மறைந்தது. "வானம் செவந்துருச்சு" என்றாள். என் பக்கம் கடல் கறுத்துக்கொண்டிருந்தது. முதுகில்லாத இருக்கை மட்டும்தான் கிடைத்தது என்றால் இப்படி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம் இருந்தால் நன்றாகவே தாங்கும்.

ஏழு மணிக்கு மேல் நாங்கள் இருக்கவில்லை.

இரவும் மறுநாளும்

வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிடம் வையுங்கள், அதன் மேலேயே தூங்கிவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. மறுநாள் காலை ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். அலைந்த வலி பல சமயம் மறுநாள்தான் தெரியும். அன்று காலை ஏழு மணி ரயிலுக்கு ஓடினால் நல்லபடி முடிந்த நாள் கெட்டுப்போகும். மதியத்துக்கு மேல் கிளம்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். அதே சமயம் நாள் முழுக்கப் படுத்தும் கிடக்காதீர்கள், அறையைச் சுற்றியாவது அவ்வப்போது நடங்கள்.

எனக்கு மறுநாள் காலை பல் தேய்க்கக் குனியும்போது கொஞ்சம் பிடித்தது. வாஷ்பேசினில் ஒரு கையை ஊன்றிக்கொண்டேன், சரியாகிவிட்டது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து டவரா செட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மெரினா லைட் ஹவுஸ்ல லிஃப்ட் இருக்காமேடி, நேத்து டிரைவர் சொன்னாரு" என்றாள். இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. அடுத்த மார்கழியில் ஒரு புதன்கிழமையாகப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறோம்.